அடிக்கணக்கில் வந்த இரும்பு

நான் பணியிலிருந்து விடைபெற்ற அன்று, ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்த நீங்கள் நாலைந்து பேரும் என்னைப் பேசச் சொன்னீர்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு மிக்சர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். பேச விஷயம் இல்லாமல் இல்லை. மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல நினைத்ததை அவர் எதிரில் சொல்லியிருந்தால் அது விடைபெறும் பேச்சாக இருந்திருக்காது.

அதனால் இப்போது எழுதுகிறேன். கொட்டேஷன் கேட்பது, சரக்கைச் சரிபார்ப்பது, பில்லில் கையெழுத்துப் போடுவது எல்லாம் நம் படகு கட்டும் தளத்தின் விதிமுறைகளில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள், நல்ல விதிமுறைகள்தான். அதில் இல்லாத ஒரு நேரம் உங்களுக்கு வரும். பொருள் கண்ணுக்கு நன்றாக இருக்கும், விலை கைக்கு எட்டும், விற்பவனும் அவசரப்படுத்துவான், நம்மோடு வந்தவனும் அவசரப்படுத்துவான். ஆனாலும் உள்ளே ஏதோ இடறும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தளத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது உங்களுக்கும் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லமாட்டீர்கள், மர அறுவை மேடைக்குப் பின்னால் சொல்வீர்கள். பேடிச் சேச்சி. பேடி என்றால் பயம் என்று மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணவர் காலமானபின் கைக்குழந்தையோடு தட்டச்சராகச் சேர்ந்து, கொள்முதல் நாற்காலி வரை வந்த ஒரு தமிழ்க்காரி ஒவ்வொரு சரக்கையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தால், ஆண்கள் அதற்கு வைக்கும் பெயர் பயம். அதே வேலையை ஓர் ஆண் செய்தால் அவன் கறாரானவன்.

ஒருமுறை மழைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கக் காத்திருந்தன. அப்போது ஒரு குழாய்க் கட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் புதுப் பெயின்ட் அடித்து அழகாக அனுப்பியிருந்தார்கள். படகுக்காரர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள், மேலாளர் உள்ளே நின்று சத்தம் போட்டார். நாங்கள் பெயின்ட் கேட்கவில்லையே, எதற்கு அடித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினேன். பெயின்ட்டுக்கு அடியில் துரு தின்ற குழிகளில் மக்குப் பசை பூசி அடைத்திருந்தது. கட்டைத் திருப்பி அனுப்பினேன். படகுகள் தாமதமாகத்தான் இறங்கின. என்னை யாரும் பாராட்டவில்லை, இன்றுவரை. நாம் கேட்காத ஒரு வசதியை ஒருவன் செய்து தந்தால் அது யாருடைய வசதி என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அன்று கற்றேன். பாராட்டு கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தளத்துக்காக வாங்கியதை அல்ல. என் வீட்டுக்காக வாங்கியதை.

என் மகள் கோமதியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் பலமிழந்தன. இரும்புப் பட்டை கட்டிய காலணியும் ஊன்றுகோலும் வைத்து நடப்பாள். டிராயிங் படித்தாள். எறணாகுளத்தில் வகுப்புக்குப் போவதற்காக, பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் ஸ்கூட்டரில் போவாள், நான் அவளுக்குத் தெரியாமல் பின்னால் பஸ்ஸில் போவேன். தெரியாமல் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை பாலத்தின் சரிவில் எங்கள் பஸ் டிரைவர் பிரேக் போட்டார். நின்றுகொண்டிருந்த எல்லாரும் முன்னால் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். "ஒரு பெண்குட்டி வீணு," ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். நான் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தேன். பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் என் மகளின் ஊன்றுகோல் கிடந்தது. அதற்கு அப்பால் அவள் உட்கார்ந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சிராய்ப்புதான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. பஸ் பிரேக் பிடிக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் என் கை அருகில் இருப்பவரின் தோளைப் பிடித்துவிடுகிறது.

சொந்தக்காரர்கள் வந்து பழம் வைத்துவிட்டு, ஒரே மாதிரி சொன்னார்கள். போதும், இனி வீட்டில் இருக்கட்டும், வயிற்றுப்பாட்டுக்கா குறை. கோமதி எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர்கள் போனபின் சொன்னாள்: "வண்டிக்கு அகலம் போராதும்மே. சரிவுல சாயும். நாலு மூலைக்கும் ஒரு சக்கரம் வேணும்."

"அதுக்குப் பேரு கார்," என்றேன்.

"ஆமா. கார்."

அது எழுபதுகளின் கடைசி. கார் வாங்கப் பணமுள்ளவர்களே பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்கினாலும் காலால் மிதிக்கும் பெடல்களை வைத்து அவள் என்ன செய்வாள். ஆனால் ஆட்டோரிக்‌ஷாவின் கிளட்சும் கியரும் கையில்தான். பிரேக் ஒன்றைத்தான் கைக்கு மாற்ற வேண்டும். அடிபட்டு நின்றுபோன ஓர் ஆட்டோவின் எஞ்சினை வைத்து நாலு சக்கரத்தில் ஒரு சின்ன வண்டியை அவளே வரைந்தாள். எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் சட்டம், சேஸ் என்பார்களே, அது முழுக்க இரும்புக் குழாய். நம் தளத்து வெல்டர் சேவியர், கும்பளங்கிக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பற்றவைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் அவளுக்கு ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் வேலை கிடைத்தது. சேர வேண்டிய நாளுக்குள் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து ஏலூருக்கு படகுத்துறையில் படகு, எறணாகுளத்தில் பஸ், கலூரில் இறங்கி இன்னொரு பஸ். படி ஏறி இறங்கும் கால்கள் இருந்தால் நல்ல ஊர்தான் இது. அவளுக்கு வண்டி இல்லையென்றால் வேலை இல்லை.

எனவே குழாய் தேடிப் புறப்பட்டேன். நாற்காலி செய்யும் குழாய் மலிவு. ஆனால் மெலிசு, முழங்காலில் வைத்து அழுத்தினால் வளையும். தண்ணீர்க் குழாய் எங்கும் கிடைக்கும்; ஆனால் கனம், அதில் செய்தால் ஆட்டோ எஞ்சின் வண்டியை மட்டும்தான் இழுக்கும், உள்ளே ஆள் உட்கார முடியாது. சரியான குழாய் புதிதாக வாங்க வேண்டுமானால் விலை என்னால் முடியாதது, அதற்கும் வரிசை இருந்தது. தளத்தின் பெயரில் ஆர்டர் போட்டு எடுத்துக்கொள்ளலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் காதில் சொன்னார். நான் கேட்பேன் என்றேன். அவர் அப்புறம் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை சேவியர் ஓடி வந்தார். பஜார் ரோட்டுக்குப் பின்னால் காயலை ஒட்டியிருக்கும் ஒரு பழைய இரும்புக் கிடங்குக்குக் கொதிகலன் குழாய்கள் வந்திருக்கின்றன, ஏதோ ஓர் ஆலையில் பிரித்து ஏலம் விட்டவை, நல்ல சரக்கு, விலை பாதிதான் என்றார். மத்தியானமே போனோம். கைவண்டி ஒன்றையும் சேவியர் கையோடு கூட்டி வந்துவிட்டார். கோமதி ஆட்டோவில் வந்தாள்.

சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்கு நடுவில் அந்த இரும்புக் கிடங்கு. அங்கே இரும்புக்கும் சுக்கு வாசனைதான். கப்பலிலிருந்து கழற்றிய சுழல் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். குழாய்க் குவியலின் மேல் குந்தி ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளுருத்தியில் கேட் செய்யும் பட்டறைக்காரராம். நாங்கள் எடுக்கவில்லை என்றால் மொத்தத்தையும் அவர் எடுக்கிறார் என்று முதலாளி முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார்.

நான் தடிமன் அளக்கும் காலிப்பரை வைத்து முனைகளை அளந்தேன். தடிமன் சரியாக இருந்தது. இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் சரி. வெளியே உருண்டை கெடாமல் இருந்தது. சேவியர் முகம் மலர்ந்துவிட்டது.

"சீம்லெஸ்ஸாக்கும் சேச்சி. ஜாயிண்டே கிடையாது. இதுல வெல்ட் பிடிச்சா ஆனை கேறினாலும் அனங்காது."

"கிலோ என்ன விலை முதலாளி?" என்று கேட்டேன்.

"கிலோ இல்லா சேச்சி. இது அடிக்கணக்கு."

"ஏன்?"

"சேச்சியோட சௌகரியத்துக்கு. வேண்டிய நீளம் எடுக்கலாமல்லோ."

நான் சுற்றிப் பார்த்தேன். ஆங்கிள், தகடு, சங்கிலி, உடைந்த நங்கூரம் என்று அங்கே இருந்த எல்லாம் தராசில் ஏறித்தான் வெளியே போய்க்கொண்டிருந்தன. எங்கள் கண்ணெதிரே ஒருவர் பழைய ஆணி வாங்கிப் போனார். அதைக்கூட நிறுத்துத்தான் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க எடைக்கு இரும்பு விற்ற மனிதர், இந்தக் குழாய்க்கு மட்டும் ஏன் அடிக்கு மாறுகிறார்?

"ஒரே நீளத்துல ரெண்டு குழாயைத் தராசுல வையுங்க முதலாளி. பார்த்துட்டு எடுக்கேன்."

"தராசு கேடாணு சேச்சி."

"இப்பத்தானே ஆணி நிறுத்தீங்க?"

"அப்போ கேடில்லா. இப்போ கேடு."

பீடிக்காரர் சிரித்ததில் புகை மூக்கில் ஏறி இருமினார்.

சேவியர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "சேச்சி, கைவண்டிக்காரன் காத்து நிக்குது. எனக்கு நாளைக்கு ஒரு நாளாக்கும் உள்ளது, அடுத்த ஞாயிறு சர்ச்சில பெருநாள். முனை அளந்தாச்சு, சரியாச்சு. இனி எந்தா?"

அதற்குள் கோமதி ஆட்டோவிலிருந்து இறங்கி, இரும்புக் குப்பைக்கு நடுவே வழி பார்த்து ஊன்றுகோல் வைத்து வந்துவிட்டாள். "வாங்கும்மே," என்றாள்.

"இரு."

"எதுக்கு இரு? எப்பப் பார்த்தாலும் இரு. சேர வேண்டிய நாள் இருக்குமா? ஒரு குழாய் வாங்க உனக்கு இத்தர பேடின்னா நான் எங்கே போய் வேலை பாக்க? தளத்துல உன்னைச் சும்மாவா அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க?"

எல்லார் முன்னாலும் சொன்னாள். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. "மகளுக்குத் தைரியம் உண்டு. அம்மைக்குத்தான் பேடி," என்று நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பஸ் ஜன்னலில் பார்த்த காட்சி என்னை விட்டுப் போகவில்லை. உலகத்தின் மிக நல்ல குழாயை என் முன்னால் வைத்திருந்தாலும் நான் 'இரு' என்றுதான் சொல்லியிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. தாயின் பயமா, கொள்முதல்காரியின் சந்தேகமா, இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. நமக்கே தெரியாது.

நான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். என்ன காட்டினால் நீ சரி என்பாய்? பதில் இல்லையென்றால் அது வெறும் பயம், வாயை மூடிக்கொண்டு வாங்கு. பதில் இருந்தால் அதைக் கேள்.

பதில் இருந்தது. நம் தளத்தில் பலகையை வளைப்பதற்கு ஆவி பிடிக்கும் சின்னக் கொதிகலன் இருக்கிறதே, அதில் ஒரு குழாய் ஒருமுறை வெடித்தது. முனையில் அல்ல, நடுவில். முனைகள் சுவருக்குள் ஒளிந்திருக்கும், அங்கே நெருப்பு படாது. நெருப்பைப் பார்த்து நிற்கும் நடுப்பகுதியில்தான் உள்ளிருந்து அரிக்கும். வெளியே தடவினால் ஒன்றும் தெரியாது. நான் இவ்வளவு நேரம் அளந்தது முனைகளை.

"நடுவுல வெட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா இப்பவே எடுக்கேன்," என்றேன்.

முதலாளியின் நாற்காலி நின்றது. இரும்புக் கிடங்குகளில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். விற்பதற்கு முன் வெட்டமாட்டார்கள். இரும்பறுக்கும் வாளை வைத்தவன் வாங்க வேண்டும். "சேச்சி, இது தண்ணிமத்தனா, கீறிக் காட்டித் தர? இங்க அப்படி ஒரு பழக்கம் இல்லா. மொத்தமா எடுத்துக்கோ, வீட்ல கொண்டு போய் எங்க வேணும்னாலும் வெட்டிக்கோ."

"மொத்தமா வேண்டாம். ஓரடி வேணும்."

"எந்து?"

"அடிக்கணக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. வேண்டிய நீளம் எடுக்கலாம்னும் சொன்னீங்க. எனக்கு வேண்டியது ஓரடி. இந்தக் குழாயில, நட்ட நடு ஓரடி."

கிடங்கில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "நடுவில எடுத்தா பாக்கி ரெண்டு துண்டும் ஆர் வாங்கும்?"

பீடிக்காரர் குவியலிலிருந்து இறங்கினார். "ஞான் வாங்கும். கேட்டுக்குக் குட்டைத் துண்டுதான் வேண்டியது. கொடு மொதலாளி, சேச்சி முறையாட்டுத்தான் கேக்குது." அவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

நான் ஓரடிக்கு உண்டான காசை நாற்காலியின் கைப்பிடியில் வைத்தேன். சேவியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாளை எடுத்தார். ஒரு பக்கம் வாள் மெல்ல இறங்கியது. குழாயைத் திருப்பி மறுபக்கம் வைத்தார். இரண்டு இழுப்பில் வாள் உள்ளே விழுந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது வெட்டையும் போட்டு அந்தத் துண்டைத் தரையில் வைத்தார்.

ஒரு பக்கம் ஊத்தப்பத்தின் கனம். எதிர்ப்பக்கம் வெங்காயத் தோல். கோமதி குனிந்து ஊன்றுகோலின் நுனியை அந்த மெலிந்த பக்கத்தில் வைத்து அழுத்தினாள். குழாய் உள்வாங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், கிழிந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதோ ஒரு சரிவில், பின்னால் ஒரு பஸ் வர, அந்த இடத்தில் சட்டம் மடங்குவதுதான் கண்ணில் வந்தது. நான் போய்க் குழாய்க் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"ஞான் அறிஞ்சில்லா சேச்சி," என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. "ஏலத்தில எண்ணிக்கைக்கு எடுத்தது." தெரிந்திருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது என் வேலையும் அல்ல. விற்பவனின் மனதைப் படிக்க முயலாதீர்கள், சரக்கைப் படியுங்கள்.

சேவியர் கைவண்டிக்காரரைப் போகச் சொல்லத் திரும்பினார். "வா சேச்சி. இது நமுக்கு வேண்டா." கோமதியும் ஆட்டோ பக்கம் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன் எடுக்கச் சொன்னவர்கள் எல்லாரும் இப்போது விட்டுவிடச் சொன்னார்கள்.

"இரு," என்றேன்.

இந்த 'இரு'வுக்குத்தான் எல்லாரும் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். மோசமான ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் வெளியேறுவது கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் வெளியேறினால் வண்டி வராது. கொதிகலனில் எல்லாக் குழாயும் நெருப்புக்கு முன்னால் நிற்பதில்லை. பின் வரிசையில் நின்றவற்றுக்கு அவ்வளவு சூடு பட்டிருக்காது. அவையும் இந்தக் குவியலில்தான் கலந்து கிடக்க வேண்டும். எது முன் வரிசை, எது பின் வரிசை என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் ஒரே நீளக் குழாய்களில் உள்ளே தேய்ந்தது எடை குறையும்.

"முதலாளி, தராசு சரியாயிட்டா?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆயிட்டு," என்றார்.

"எல்லாத்தையும் நிறுப்போம். கனமானதை நான் நீங்க சொன்ன அடி விலைக்கே எடுக்கேன், குறைச்சுக் கேக்கமாட்டேன். மெலிஞ்சதை இவர் கிலோக் கணக்குல எடுக்கட்டும்."

பட்டறைக்காரருக்குக் கணக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மெலிந்த குழாய் ஒரு கிலோவுக்கு நீளம் கூடுதலாக வரும், கேட்டுக்கு அது போதும். "ஞான் ரெடி," என்றார்.

"பொறுக்கி எடுக்க இது மீன் மார்க்கெட்டா?" என்றார் முதலாளி.

"மீன்காரி செவிளைத் திறந்து காட்டுவா," என்றேன்.

கிடங்கு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, தூக்குங்கடா என்று ஆட்களுக்குக் கை காட்டினார். ஒவ்வொரு குழாயாகத் தராசில் ஏறி இறங்கியது. நான் நின்றே பார்த்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லவில்லை. கனமானவை ஒரு பக்கம், மெலிந்தவை ஒரு பக்கம். சந்தேகமானவற்றையும் மெலிந்த பக்கமே போடச் சொன்னேன். கனமான பக்கத்திலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடுவில் வெட்டச் சொன்னேன், இப்போது யாரும் பழக்கம் பேசவில்லை. சுற்றிலும் ஒரே கனம்.

ஆனால் கனமான பக்கம் சின்னதாக இருந்தது.

கோமதி தன் டிராயிங்கை விரித்து அந்தக் குவியலோடு ஒத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "போராது," என்றாள்.

அந்த டிராயிங்கில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று அவளுடையது. அதற்குப் பின்னால் இருந்ததை நான் கேட்டு வாங்கியிருந்தேன். சாமான் வைக்க, யாராவது கூட வந்தால் உட்கார என்றெல்லாம் காரணம் சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் வரைந்து தந்தாள். யார் உட்காரப்போகிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பஸ்ஸில் பின்னால் போனது போதும், இனி அவளோடே போவது என்று முடிவு செய்திருந்தேன். ஏலூர் வரை போய், கேட் வாசலில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து வேலைக்குத் திரும்பலாம் என்று நேரம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

சேவியர் டிராயிங்கின் பின்பகுதியில் விரல் வைத்தார். "இங்க மட்டும் மெலிஞ்சதை வைக்கலாம் சேச்சி. சேச்சிக்கு எந்து வெயிட் உண்டு? ரெண்டு குழாய் சேர்த்து வெல்டு பண்ணாப் பிடிச்சு நிக்கும்."

அது கேட்க நன்றாக இருந்தது. நான் மெலிந்தவள்தான். ஒரு நிமிஷம் நானும் அந்த ரெண்டு குழாய் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கிடங்கில் அன்று எனக்கு வந்த நிஜமான இடறல் அதுதான், முதலாளியிடம் வந்தது அல்ல. சேஸ் என்பது ஒரே சட்டம். எஞ்சின் உட்காருவதும் பின்பக்கம். அங்கே ஒரு குழாய் விட்டுக்கொடுத்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவளும் பத்திரம் இல்லை. வேறு யாராவது தன் சௌகரியத்துக்காக இப்படிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"பின்சீட்டை எடுத்துடு," என்றேன்.

கோமதி தலையைத் தூக்கினாள். "அப்பம் நீ?"

"நான் பஸ்ல வருவேன்."

"எங்க வருவே?"

"எங்கேயும் வரல்ல," என்றேன்.

அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் முதலாளியின் மேஜையில் டிராயிங்கை வைத்து, பின்சீட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன். அவள் அதை வாங்கி, சட்டத்தைச் சுருக்கி, பின்சக்கரங்களை முன்னால் இழுத்து, அங்கேயே நின்றபடி மாற்றினாள். குழாய் போதும் என்று ஆனது. மிச்சமாக ஒரு துண்டுகூட இருந்தது.

வண்டி பற்றவைத்து முடிந்தது. பதிவு செய்யும் அலுவலகத்தில் நடையாய் நடந்தோம், அது தனிக் கதை. யார் தயாரிப்பு என்று கேட்ட அதிகாரியிடம், வீட்டுத் தயாரிப்பு, குறை இருந்தால் வீட்டில் வந்து சொல்லலாம் என்றேன். சேர வேண்டிய நாளில் அவள் போய்ச் சேர்ந்தாள். இன்றும் அந்த வண்டியில்தான் போகிறாள். மழை நாட்களில் அந்த எஞ்சின் சத்தம் திருப்பத்தில் கேட்கும் வரை நான் சாயா வைத்தால் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று நினைவிருப்பதில்லை. இது சரியாகும் என்று சொன்னார்கள், ஆகவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, உங்களையும் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அந்தப் பெயரை மறுத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள். தைரியசாலி என்ற பெயருக்காக ஒரு சரக்கையும் உள்ளே விடாதீர்கள். என்ன காட்டினால் சரி என்பீர்கள் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள், காட்டும் வரை நில்லுங்கள். காட்டியபின், அது உங்களுக்கே பாதகமாக இருந்தாலும், சரி என்று சொல்லுங்கள். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

வண்டி முதன்முதலாக எங்கள் தெருவைத் தாண்டிப் போன காலையில், அடுத்த வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். சத்தம் மறையும் வரை காத்திருந்துவிட்டு, "ஒத்தைக்கு விட்டுட்டியே, உனக்குப் பேடி இல்லையா?" என்று கேட்டாள்.

"நிறைய உண்டு," என்றேன். "அதுக்கு அந்த வண்டியில சீட்டு இல்லை."